இடவெந்தையைத் தேடி: கூகுளின் எஸ்இஓ கையேடு பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

2018ஆம் வருஷக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை. திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோவில் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் கல்யாணம் ஆக வேண்டும் என்று வருகிறவர்கள். கழுத்தில் மாலையோடு பிராகாரத்தை ஒன்பது சுற்று சுற்றுவார்கள். நான் போவது கல்வெட்டு பார்க்க. மாலையும் இல்லாமல், சுவரையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஆளை யாரும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்தே பழக்கமான உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் அன்று கேட்டார்:

"தம்பி, நீங்க கம்ப்யூட்டர் கம்பெனியிலதானே இருக்கீங்க? பேரன் எங்க ஊர்ப் பேரை இங்கிலீஷ்ல போட்டுத் தேடினான். டாங்கியும் பீரங்கியுமா வருது. பெருமாளைக் காணோமே?"

காரணம் எனக்கு உடனே தெரிந்தது. அந்த வருஷம் ஏப்ரல் 11 முதல் 14 வரை பாதுகாப்புத் துறையின் டிஃபெக்ஸ்போ கண்காட்சி திருவிடந்தையில்தான் நடந்தது. அரசுத் தளங்கள், செய்தித் தளங்கள், வெளிநாட்டு ராணுவப் பத்திரிகைகள் என்று எல்லாரும் ஊர்ப் பெயரை எழுதினார்கள், ஒருவருக்கொருவர் இணைப்பும் கொடுத்தார்கள். திருமங்கையாழ்வார் பாடிய, 108 திவ்யதேசங்களில் ஒன்றான ஊர், நாலு நாள் கண்காட்சிக்குப் பின்னால் போய்விட்டது. "சரி பண்ணிடலாம் ஐயா, நான் இந்தக் கோவிலைப் பத்தி எழுதி வச்சிருக்கேன்" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து தேடினால் என் கட்டுரையும் இல்லை. முதல் பக்கத்தில் மட்டுமல்ல, எந்தப் பக்கத்திலும் இல்லை.

எஸ்இஓ என்கிற விஷயத்தின் டெக்னிக்கல் பக்கத்தை நான் படிக்க ஆரம்பித்தது அந்த ஜம்பத்தைக் காப்பாற்றத்தான். படித்ததில் முக்கியமானது கூகுளே வெளியிட்டிருக்கும் 'எஸ்இஓ ஸ்டார்ட்டர் கைடு'. முதலில் 2008இல் வந்தது. பல தடவை திருத்தி, 2024 தொடக்கத்தில் நன்றாகச் சுருக்கி வெளியிட்டார்கள். ஒரு நூலை விமர்சிப்பது போல இந்தக் கையேட்டை விமர்சிக்கலாம் என்று நினைக்கிறேன். உரைகல் திருவிடந்தைதான்.

கையேட்டின் நல்ல பக்கம்

முதலில் பாராட்டு. கையேட்டுக்கு முன்னால் பணம் கட்டி ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்திருந்தேன். அங்கே சொல்லிக்கொடுத்தது: முக்கியச் சொல் கட்டுரையில் இத்தனை சதவீதம் வர வேண்டும், இத்தனை வார்த்தைக்குக் குறையக் கூடாது, மெட்டா கீவேர்ட்ஸில் இருபது சொல் போட வேண்டும், டொமைன் பெயரிலேயே முக்கியச் சொல் இருக்க வேண்டும். இதையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பொறியியல் கல்லூரிப் பழக்கம், விடாது.

கையேட்டில் 'இவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்' என்று ஒரு பகுதி இருக்கிறது. என் நோட்டில் இருந்த அநேகமாக எல்லாமே அந்தப் பட்டியலில் வந்துவிட்டது. மெட்டா கீவேர்ட்ஸைக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது. வார்த்தை எண்ணிக்கைக்குக் குறைந்தபட்சமோ அதிகபட்சமோ இல்லை. ஒரே விஷயம் இரண்டு முகவரியில் இருந்தால் அதற்காகத் தண்டனையும் கிடையாது. வகுப்பில் மந்திரம் மாதிரி சொன்னதையெல்லாம் கையேடு இரண்டு மூன்று வரியில் முடித்துவிடுகிறது. ஒரு நிறுவனம் தன் பொருளைப் பற்றி இவ்வளவு நேராக எழுதுவது அபூர்வம்.

இரண்டாவது, அது தரும் அடிப்படைச் சித்திரம். தேடுபொறியின் வேலை மூன்று கட்டம். முதலில் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போய் எடுத்துவருவது. அடுத்து, எடுத்ததைப் படித்து அட்டவணையில் சேர்ப்பது. கடைசியாக, ஒருவர் கேட்கும்போது அட்டவணையிலிருந்து பொருத்தமானதை வரிசைப்படுத்தித் தருவது. எஸ்இஓ என்றதும் நாம் மூன்றாவதையே நினைக்கிறோம். முதல் இரண்டில் விழுந்துவிட்டால் மூன்றாவதைப் பற்றிப் பேசவே இடமில்லை. நான் விழுந்தது முதலாவதில்.

நான் விழுந்த இடம்

என் தளத்தை நானே எழுதியிருந்தேன். ரெடிமேடாக எதையும் எடுக்க மாட்டேன் என்கிற இன்ஜினியர் திமிர். முழுக்க ஜாவாஸ்கிரிப்ட். ஒரே ஒரு பக்கம், கட்டுரைகள் எல்லாம் முகவரியில் ஹாஷ் குறிக்குப் பின்னால் வரும் துண்டை வைத்து மாறும். பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் ஹாஷுக்குப் பின்னால் வருவது சர்வருக்கே போகாது. கூகுளும் பொதுவாக அதைத் தனி முகவரியாக எண்ணாது. ஆக, நான் வருஷக்கணக்காக எழுதிய அத்தனை கட்டுரைகளும் அதன் கண்ணுக்கு ஒரே பக்கம், அதுவும் ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவதற்கு முன் வெறும் வெள்ளைப் பக்கம்.

இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருப்பவன் செய்த தப்பு இது. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி முகவரி, சாதாரண ஹெச்டிஎம்எல், ஒரு சைட்மேப், கட்டுரையிலிருந்து கட்டுரைக்கு இணைப்பு என்று மாற்றி எழுத இரண்டு வார இறுதிகள் பிடித்தன. இந்த அளவுக்குக் கையேடு எனக்குக் கைகொடுத்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குறை ஆரம்பிப்பது அடுத்த கட்டத்தில், அட்டவணையில் சேர்க்கும் இடத்தில். கையேடு ஒரு விஷயத்தைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது: எழுத்து என்றால் எழுத்துதான், அதில் என்ன சிக்கல் இருக்க முடியும் என்று. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அது சரி. தமிழில் எழுதுகிறவருக்கு?

கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வேறு

தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களின் முன்பாதியிலும் தமிழ் இணையம் எப்படி இருந்தது என்று என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். பாமினி எழுத்துருவில் திரையில் 'தமிழ்' என்று தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்துகள் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் உளறல். தேடுபொறிக்கு எழுத்துரு கிடையாது. அது படித்தது உளறலைத்தான்.

1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியேற்றங்கள் வந்தன. அதற்குப் பக்கத்திலேயே இணையத் தமிழர்கள் கூடி உருவாக்கிய டிஸ்கி. யூனிகோடில் தமிழ் 1991லிருந்தே இருந்தும், எல்லாரும் அதற்கு வந்து சேரப் பல வருஷம் ஆனது. 2010இல்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகள் தங்கள் நூல்களை உழைத்து யூனிகோடுக்கு மாற்றினார்கள். மாற்ற ஆளில்லாத தளங்கள் அப்படியே கிடந்தன. ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது அப்படிப்பட்ட தமிழ்ப் பக்கங்களும் சேர்ந்து போயின. அவற்றில் ஊர் வரலாறு எழுதியவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் செய்யத் தவறியது எந்த எஸ்இஓ தந்திரமும் இல்லை. தமிழில் எழுதினார்கள், ஆனால் கணினியில் பதிந்தது தமிழாக இல்லை.

சரி, அது பழைய கதை, இப்போது எல்லாமே யூனிகோட் என்று நினைப்போம். நானும் நினைத்தேன். என் தளத்தில் சொந்தமாக ஒரு தேடல் பெட்டி வைத்திருந்தேன். அதில் 'ஸ்ரீ' என்று போட்டுத் தேடினால் பாதிக் கட்டுரைகள்தான் வந்தன. மீதிப் பாதியிலும் கண்ணெதிரே 'ஸ்ரீ' இருக்கிறது! ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு தெரிந்தது. யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுத முடியும். முதலில் 'ஸ' வைத்துத் தொடங்குவது ஒன்று. 2005இல் 'ஶ' என்கிற எழுத்து தனியாகச் சேர்க்கப்பட்ட பின், அதை வைத்துத் தொடங்குவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரே வடிவம். உள்ளே வேறு எண்கள். கொம்பும் காலும் சேர்ந்த 'கொ', 'கோ' போன்றவற்றிலும் இதே மாதிரி இரட்டை உண்டு. ஆனால் அவை சமம் என்று யூனிகோட் தரமே சொல்லிவிடுவதால் ஒழுங்கான மென்பொருள் சரிசெய்துவிடும். 'ஸ்ரீ'க்கு அந்தச் சலுகை இல்லை. பெருமாள் கோவிலைப் பற்றி எழுதுகிறவனுக்கு 'ஸ்ரீ' இல்லாமல் எத்தனை வரி ஓடும், சொல்லுங்கள்.

முகவரியைப் பாருங்கள். கையேடு, படிக்கிறவருக்குப் புரியும் சொற்களை முகவரியில் வை என்கிறது. நல்ல யோசனை. 'திருவிடந்தை' நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் 11 குறிகள். யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 33. அதை முகவரியில் சதவீதக் குறி போட்டு விரித்தால் 99 எழுத்துகள். வாட்ஸாப்பில் ஒட்டினால் அனுமார் வால். தேடுபொறிக்கு அது புரியும், அனுப்பப்படுகிற மனிதருக்கு வைரஸ் லிங்க் மாதிரி தெரியும். கடைசியில் நான் ஆங்கில எழுத்தில்தான் முகவரி வைத்தேன். கையேட்டின் அறிவுரையைப் பின்பற்றாமல் விட்டால்தான் அதன் நோக்கம் நிறைவேறுகிறது என்பது தமிழுக்கு நேரும் விசித்திரம்.

ஒரே ஊர், எத்தனை பெயர்?

இப்போது என் முக்கியமான புகாருக்கு வருகிறேன். கையேட்டில் ஒரு இடத்தில், படிக்கிறவர்கள் என்ன சொல்லைப் போட்டுத் தேடுவார்கள் என்று யோசித்து எழுது என்கிறார்கள். ஒரே உணவுத் தட்டை ஒருவர் ஒரு பெயரிலும் மற்றவர் வேறு பெயரிலும் தேடலாம் என்று உதாரணம் வேறு. உடனே ஆறுதலும் வருகிறது: எல்லா மாற்றுச் சொல்லையும் நீ யோசித்து வைக்காவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் மொழிப் பொருத்தல் திறமையானது, புரிந்துகொள்ளும் என்று.

எந்த ஊருக்குப் புரிந்துகொள்ளும்?

மாமல்லபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மகாபலிபுரம், மாமல்லை, கடல்மல்லை, வெள்ளைக்காரர் வைத்த ஏழு பகோடா என்று அதற்கு ஏகப்பட்ட பெயர். தேடுபொறி இதில் தடுமாறுவதில்லை. ஏன்? 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம். ஆயிரக்கணக்கான பக்கங்களில் இரண்டு மூன்று பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அதிலிருந்து எந்திரம் கற்றுக்கொண்டது. மொழிப் பொருத்தலின் திறமை என்பது ஏற்கெனவே பலர் எழுதி வைத்ததன் பலன்.

அதே ஈசிஆரில் கொஞ்சம் வடக்கே வந்தால் திருவிடந்தை. மூலப் பெயர் திருவிடவெந்தை. திருமகளை இடப்பக்கம் ஏந்திய எந்தை என்று பிரிப்பார்கள். மூலவர் ஆதிவராகர், தேவியை இடது தொடையில் தாங்கியிருக்கிறார். இதற்கு ஜோடியாக, தேவி வலப்பக்கம் இருக்கும் மாமல்லபுரத்து வராகரை வலவெந்தை என்பார்கள். இடவெந்தை தேய்ந்து இடந்தை ஆனது. பேச்சில் திருவடந்தை. ஆங்கிலத்தில் 'த'வுக்கு டி மட்டும் போடுவதா, டி ஹெச் போடுவதா, 'ந்தை'யில் வருவதற்கு எதைப் போடுவது என்று ஆளுக்கு ஒரு விதம். கல்வெட்டு அறிஞர்கள் புள்ளியும் கோடும் போட்ட ரோமன் எழுத்தில் இன்னொரு விதம். மாவட்டப் பெயரும் நிலையாக இல்லை: 1997 வரை செங்கல்பட்டு, பிறகு காஞ்சிபுரம், 2019இலிருந்து மறுபடி செங்கல்பட்டு. இந்தப் பெயர்களை ஒரே இடத்தில் சேர்த்து எழுதிய பக்கங்கள் எத்தனை இருக்கும்? எந்திரம் எதிலிருந்து கற்கும்?

இதன் மேல் நம் மொழியின் இயல்பு வேறு. திருவிடந்தைக்கு, திருவிடந்தையில், திருவிடந்தையிலிருந்து என்று பெயர் வால் வளர்த்துக்கொண்டே போகும். கோவில் என்பார் ஒருவர், கோயில் என்பார் மற்றவர். கடல் கரையோடு சேர்ந்ததும் கடற்கரை ஆகி 'ல்' காணாமல் போகும். ஆங்கிலத்தில் சொல்லின் கடைசியில் ஒரு 'எஸ்'ஸை வெட்டினால் முடிகிற வேலைக்கு இங்கே இலக்கணமே தெரிந்திருக்க வேண்டும். கூகுளுக்கு இதில் ஒன்றுமே தெரியாது என்று நான் சொல்லவில்லை. முன்னேறியிருக்கிறது, நானே பார்க்கிறேன். ஆனால் 'யோசிக்காவிட்டாலும் பரவாயில்லை' என்கிற ஆறுதல் எல்லா மொழிக்கும் எல்லா ஊருக்கும் ஒரே அளவில் பொருந்தும் என்பது போல எழுதியிருப்பது தவறு. மாமல்லபுரத்துக்கு அது உண்மை, திருவிடந்தைக்கு அது கைவிடுதல். பெரிய ஊர் இன்னும் சுலபமாகக் கிடைக்கும், சின்ன ஊர் இன்னும் ஆழத்தில் போகும்.

இதை ஏற்கெனவே செய்தவர்கள்

ஒரு நாள் கல்வெட்டு ஆண்டறிக்கை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எனக்குச் சட்டென்று உறைத்தது. அந்த அறிக்கைகளில் கல்வெட்டின் முழு வாசகம் இருக்காது. வரிசை எண், ஊர், எந்தச் சுவர் அல்லது தூண், எந்த அரசன், எந்த ஆட்சியாண்டு, என்ன மொழி, ஒரு சின்னச் சுருக்கம். அவ்வளவுதான். ஆராய்ச்சியாளர்கள் மேற்கோள் காட்டுவதும் ஆண்டையும் எண்ணையும் வைத்துத்தான். ஒரு கல்வெட்டுக்கு ஒரே எண். யார் எந்த எழுத்துக்கூட்டலில் ஊர்ப் பெயரை எழுதினாலும் எண் மாறாது.

கேனானிகல் முகவரி, தலைப்பு, விவரக் குறிப்பு, சைட்மேப் என்று கையேடு சொல்வதெல்லாம் இதுதானே? ஹுல்ட்ஷ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியை மாமல்லபுரத்துப் பல்லவக் கல்வெட்டுகளோடு தொடங்கி வெளியிட்டபோது அவர் யாருக்கும் எதையும் விற்கவில்லை. பின்னால் வருகிறவன் தேடினால் கிடைக்க வேண்டும் என்று செய்தார். எஸ்இஓவை மார்க்கெட்டிங் வகுப்பில் கற்கிறோம். அதன் டெக்னிக்கல் பக்கம் உண்மையில் நூலகர் வேலை, பட்டியல் போடுகிறவர் வேலை.

பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்தக் கடற்கரையிலேயே சாட்சி உண்டு. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் 2004 சுனாமி வந்து போனபின் ஒரு பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. அதில் இருந்த கோவில் பற்றிய குறிப்பைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறையினர் 2005இல் தோண்டினார்கள். மணலுக்கு அடியில் செங்கல் முருகன் கோவில் கிடைத்தது. கோவில் எப்போதும் அங்கேதான் இருந்தது. இருக்கிறது என்று சொல்லும் எழுத்து வெளியே தெரிந்த பிறகுதான் தேட முடிந்தது.

நான் செய்தது, நடந்தது

கையேடு வேண்டாம் என்று சொன்ன வேலையைச் செய்தேன். கட்டுரையின் முதல் பத்தியிலேயே ஊரின் எல்லாப் பெயர்களையும், எப்படி ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று விளக்கி எழுதினேன். சொல்லைத் திணிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. படிக்கிறவருக்கும் அது தெரிய வேண்டிய செய்திதான். பழைய, புதிய மாவட்டப் பெயர் இரண்டையும் போட்டேன். ஸ்கீமா குறிப்பில் மாற்றுப் பெயருக்கென்றே ஒரு இடம் இருக்கிறது, அதையும் நிரப்பினேன். தளம் முழுக்க 'ஸ்ரீ'யை ஒரே வகைக்கு மாற்ற ஒரு சின்ன ஸ்கிரிப்ட். பக்கத்தின் மொழி தமிழ் என்று ஹெச்டிஎம்எல்லில் அறிவித்தேன், அதுவரை ஆங்கிலம் என்று இருந்தது!

சில வாரங்களில் கட்டுரை தேடலில் வர ஆரம்பித்தது. 'வலவெந்தை' என்று தேடினவர்கள் கூட வந்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் சர்ச் கன்சோலில் ஜனங்கள் என்ன கேட்டு வந்திருக்கிறார்கள் என்று பார்த்தபோது கல்வெட்டு என்ற சொல் அநேகமாக இல்லை. நடை திறக்கும் நேரம், திருமணத் தடை, மாலை எத்தனை வாங்க வேண்டும், சென்னையிலிருந்து எந்த பஸ்.

இந்தக் கேள்விகளுக்குத்தான் தமிழில் ஏராளமான கோவில் தளங்கள் இருக்கின்றன. 2018 பிப்ரவரியில் கூகுளின் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டபின் தமிழ்ப் பக்கத்துக்கு விளம்பர வருமானம் சாத்தியமானது. ஒரே தலபுராணம் வரி மாறாமல் பத்துத் தளத்தில் கிடைப்பதைப் பார்க்கும்போது அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. அவற்றை நான் முதலில் ஏளனமாகத்தான் பார்த்தேன். இப்போது அப்படிப் பார்ப்பதில்லை. கேட்கிறவர் கேட்டதற்குப் பதில் அங்கே இருக்கிறது, என் கட்டுரையில் இல்லை. டெக்னிக்கல் வேலை என் எழுத்தை வாசல் வரை கொண்டுவந்து விட்டது. உள்ளே வரச்சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லாவிட்டால் அது யார் குற்றம்?

அந்தப் பெரியவரை அதற்கப்புறம் பார்த்தபோது பெருமையாகப் போனில் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். இடவெந்தை, இடந்தை பகுதியில் தலையாட்டினார். வலவெந்தை பற்றி அவர் பாட்டி சொல்வதுண்டாம்.

"எல்லாம் வந்துடுச்சு தம்பி. நடை எப்ப சாத்துவாங்கன்னு எங்க போட்டிருக்கீங்க?"

போட்டிருக்கவில்லை. அன்று ராத்திரியே, அவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்ட நேரத்தைக் கட்டுரையின் மேலே ஒரு வரியாகச் சேர்த்தேன். அதற்குக் கீழே பெயர்கள், அதற்கும் கீழே கல்வெட்டுகள். நேரம் பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் கீழே வரைக்கும் இறங்கிவந்தால் போதும். அடுத்ததாக கோவளத்திலிருந்து சாளுவன்குப்பம் வரை ஒவ்வொரு ஊருக்கும் இதே மாதிரி பெயர்ப் பட்டியல் தயாரிக்க ஆரம்பித்திருக்கிறேன். கையேட்டில் இதற்கு ஒரு வரி கூடக் கிடையாது. ஆனால் நம் ஊர்களைப் பொறுத்தவரை கற்க வேண்டிய டெக்னிக்கல் எஸ்இஓவில் பெரும்பகுதி இதுதான் என்று எனக்குப் படுகிறது.